ஜோடிப் படத்தில் வெளிச்சக் கோளாறு: குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பை விளக்கு எதுவும் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் குறைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நண்பனின் கல்யாணத்துக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர், செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் ஜோடி ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும்.

உங்கள் படத்தில் தெரியும் குறையைத் தலைப்புகளில் தேடி நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள். ஜோடியை நான்கு எட்டு நகர்த்தினால் தீர்ந்துவிடும் குறைக்குப் புது லென்ஸ் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

எதைச் சரிபார்ப்பதற்கு முன்பும் ஒரு பழக்கம் வேண்டும். வெயிலில் நின்றபடி கேமராத் திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். திரை மங்கலாகத் தெரியும், படம் இருட்டு என்று தோன்றும், வெளிச்சத்தைக் கூட்டிவிடுவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் வெளுத்திருக்கும். நிழலுக்கு வந்தோ தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டோ பாருங்கள். ஹிஸ்டோகிராமையும் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் அளந்து காட்டும் வரைபடம்), வெளுத்த இடங்கள் சிமிட்டும் எச்சரிக்கையையும் இயக்கி வையுங்கள். முகத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

## முகம் கருத்திருக்கிறது, பின்னணி பளிச்சென்று இருக்கிறது

### கடற்கரையில் காலையில் எடுத்திருந்தால்

மெரினா, எலியட்ஸ், மாமல்லபுரம், புதுச்சேரி எல்லாமே கிழக்குக் கடற்கரை. நண்பகல் வரை சூரியன் கடல் பக்கம்தான் இருக்கும். கடல் பின்னால் தெரிய வேண்டும் என்று ஜோடியை நிறுத்தினால் அவர்கள் முதுகில்தான் வெயில் விழும். முகம் கருப்பது கேமராவின் கோளாறு ஆகாது.

செலவில்லாத தீர்வு, ஜோடியைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லி நீங்கள் நீர் ஓரமாக வந்துவிடுவது. பின்னணியில் மணலும் கரையேற்றிய படகுகளும் கிடைக்கும். அலைக்கு முதுகு காட்டி நிற்கும்போது உடன் ஒருவரைக் கடலைப் பார்த்தபடி நிறுத்திக்கொள்ளுங்கள். கடல்தான் பின்னணியாக வேண்டும் என்றால் அதே இடத்துக்கு மாலை நான்கரைக்கு வாருங்கள். சூரியன் ஊர்ப் பக்கம் போய்விடும். முகத்தில் வெளிச்சம், பின்னால் நீலக் கடல், இரண்டும் ஒரே படத்தில் அமையும்.

காலை எதிர்வெயிலின் அழகே வேண்டும், முடியோரத்தில் பொன்கோடு தெரிய வேண்டும் என்றால், எக்ஸ்போஷர் அளவை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு படி (ஸ்டாப்) அல்லது ஒன்றரைப் படி கூட்டுங்கள். வானம் கொஞ்சம் வெளுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பூட்டிக்கொண்டதும், பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

### வெயில் முகத்தில் விழுந்தும் கருத்திருந்தால்

மாப்பிள்ளை வேட்டி சட்டை கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். படச்சட்டத்தில் பாதி இடம் வெள்ளையாக இருந்தால் கேமரா அந்த வெள்ளையை அடக்கப் பார்க்கும். மொத்தப் படமும் இருண்டு, முதலில் முகம்தான் பலியாகும். முக்கால் படி கூட்டிப் பாருங்கள். வேட்டியின் மடிப்புகள் தெரிகிற வரை கூட்டலாம். மடிப்பு மறைந்தால் அளவு மீறிவிட்டது. தலையிலுள்ள மல்லிகைச் சரத்துக்கும் இதே கணக்குதான். பூ தனித்தனியாகத் தெரிய வேண்டும், வெள்ளைத் திட்டாகிவிடக் கூடாது.

### இரண்டும் செய்து போதவில்லை என்றால்

ஒரு அங்குல தெர்மாகோல் அட்டை எழுதுபொருள் கடையிலேயே கிடைக்கும். முகத்துக்கு எதிரே, நெஞ்சு உயரத்துக்குச் சற்று மேலே பிடித்து, வெயில் அட்டையில் பட்டு முகத்துக்குத் திரும்பும்படி சாயுங்கள். காலடியில் வைத்து மேல்நோக்கி அடிக்காதீர்கள், தாடைக்குக் கீழே வெளிச்சம் ஏறி முகம் விகாரமாகிவிடும். கடற்காற்றில் தெர்மாகோல் முறிந்து பறக்கும். அங்கே நான்காக மடித்த வெள்ளை வேட்டியை இருவர் இழுத்துப் பிடிப்பது நல்லது. வெள்ளிப்பூச்சு ரிஃப்ளெக்டரை நான் ஜோடிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. கண் கூசி, நெற்றி வியர்வை மினுங்கி, பெண்ணின் முகத்தில் ஒரு தவிப்பு வந்துவிடும்.

தொழில்முறையாளரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: உச்சி வெயில் நேரத்தில், வானத்தின் நீலமும் கெட்டுப்போகாமல் முகமும் தெளிவாக வேண்டும் என்று குடும்பம் கேட்டால், பகல் வெளிச்சத்தால் மட்டும் அது ஆகாது. ஃபிளாஷ் வைத்து வெளிப்புறத்தில் எடுத்துப் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது

சூரியன் தலைக்கு மேலே வந்துவிட்டது. கடிகாரம் பார்க்க வேண்டாம், தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும் வரை திறந்த வெளியில் எடுக்கலாம், குட்டையாகிவிட்டால் ஒதுங்குங்கள். சென்னையில் சித்திரை மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே நிழல் குட்டையாகிவிடும். மார்கழியில் பத்தேகால் வரை தாங்கும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் பன்னிரண்டு மணிக்கு வெட்டவெளியில் எடுத்த எந்த முகமும் தேறாது.

ஒதுங்க நம் ஊரில் இடத்துக்குக் குறைவே இல்லை. திண்ணை, தாழ்வாரம், வாசற்படி, மண்டபத்தின் முகப்பு எல்லாமே நல்ல வெளிச்சம் தருபவை. நிழலும் வெயிலும் சந்திக்கும் கோட்டிலிருந்து இரண்டு எட்டு உள்ளே தள்ளி, வெளியே பார்த்தபடி ஜோடியை நிறுத்துங்கள். இன்னும் உள்ளே போனால் முகம் மங்கும்; கோட்டின் மேலேயே நின்றால் மூக்கில் வெயில் விழும்.

எந்தத் திசை பார்த்து நிற்கச் சொல்வது என்று தெரியவில்லையா? உங்கள் உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஒரு திசையில் கைரேகைகளும் விரல் மடிப்புகளும் ஆழமாகக் கருத்துத் தெரியும். இன்னொரு திசையில் அதே கை வழுவழுவென்று நிரவலாகத் தெரியும். அப்போது உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் ஜோடி நிற்க வேண்டும். இந்தச் சோதனை ஒன்றைக் கற்றுக்கொண்டால் இந்தப் பக்கத்தில் பாதியை மறந்துவிடலாம்.

செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றியிருக்கும் தாழ்வாரம், நண்பகலுக்கென்றே கட்டிவைத்ததுபோல் இருக்கும். வெயில் நடுமுற்றத்தில் விழுந்து நான்கு பக்கமும் பரவும். தூணுக்குப் பக்கத்தில், முற்றத்தைப் பார்த்தபடி நின்றால் போதும். தரையின் நிறம் முகத்தில் ஏறும் சிக்கல் ஒன்று அங்கே உண்டு. அதைக் கீழே நிறக் கோளாறில் பாருங்கள்.

## முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில்

மரத்தடி நிழல்தான் காரணம். வேம்பின் சிற்றிலைகள் வெயிலைச் சல்லடையாகச் சிதறவிடும். கண்ணில் ஒரு புள்ளி, கன்னத்தில் ஒரு புள்ளி விழுந்தால் எந்த மென்பொருளாலும் அழகாக நீக்க முடியாது. அடர்ந்த ஆலமரத்தடிக்கோ, மர நிழலின் வெளியோரத்துக்கோ போங்கள். அந்த மரமேதான் வேண்டும் என்றால், தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் போர்வையை இருவர் விரித்துப் பிடிக்கட்டும், நெஞ்சுவரை நெருங்கி எடுங்கள்.

## கண்கள் சுருங்குகின்றன, நெற்றி மினுங்குகிறது, கண்ணாடி பளபளக்கிறது

மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

கண் சுருங்கினால் முதலில் முகத்தை வெயிலிலிருந்து விலக்கித் திருப்புங்கள். அது முடியாவிட்டால் இருவரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணி, திறந்த நொடியில் எடுங்கள். அடுத்த நொடி மறுபடி சுருங்கிவிடும்.

நெற்றி மினுங்கினால் பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ஒப்பனை கலையும். வியர்வையின் மேலேயே பவுடர் போட விடாதீர்கள். நேரில் தெரியாது; படத்தில் சாம்பல் பூசியதுபோல் திட்டுத் திட்டாகத் தெரியும்.

மூக்குக் கண்ணாடியில் வானம் தெரிந்தால், கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே சிறிது தூக்கிவைத்து, கண்ணாடி தரையைப் பார்த்துச் சாயும்படி செய்யுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் படப்பிடிப்புக்கு மட்டும், அவர் வழக்கமாகப் போகும் கண்ணாடிக் கடையில் அதே மாதிரி வெறும் சட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

## முகத்தின் நிறம் முகத்தின் நிறமாக இல்லை

அதிகமாகத் தவறாகச் சரிசெய்யப்படும் கோளாறு இதுதான். கணினியில் நிறத்தை இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரே ஒரு சோதனை. படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பொருள் ஒன்றைப் பாருங்கள். மாப்பிள்ளையின் சட்டையே போதும். சட்டை முழுவதும் அதே நிறச் சாயல் ஏறியிருந்தால் கோளாறு ஒயிட் பேலன்ஸில் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) இருக்கிறது, திருத்தலாம். சட்டை வெள்ளையாகவே இருந்து தாடையிலும் கன்னத்தின் ஒரு பக்கத்திலும் மட்டும் நிறம் ஏறியிருந்தால், பக்கத்துப் பொருளின் நிறம் முகத்தில் பட்டுத் திரும்புகிறது. அதை எந்தப் பொத்தானாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது, இடம் மாற வேண்டும்.

### மொத்தப் படமும் நீலம் பாய்ந்திருந்தால்

திறந்த நிழலில், அதாவது நேர் வெயில் படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் விழும் இடத்தில் எடுத்திருப்பீர்கள். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியிலிருந்து ‘நிழல்’ குறிக்கு மாற்றுங்கள். எண்ணில் வைப்பவர்கள் 7000 கெல்வினில் தொடங்கலாம். வெயிலுக்கு வந்ததும் 5500 பக்கம் திரும்பிவிட மறக்காதீர்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்; ஜேபெக்கில் (கேமரா சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான படக்கோப்பு) கொஞ்சம்தான் இடம் கொடுக்கும்.

### ஒரு பக்கக் கன்னம் மஞ்சளாக இருந்தால்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் சுவர்கள் இதற்குப் பெயர் போனவை. வெயில் விழும் சுவரில் பெண் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கக் கன்னத்தில் மஞ்சள் பூசிவிடும். காலை வேளையில் கடலுக்கு இணையாகப் போகும் தெருக்களில் கிழக்குப் பக்கச் சுவர்கள் நிழலில் இருக்கும், அந்தப் பக்கம் நிறுத்துங்கள். அல்லது சுவரிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் கொண்டுவாருங்கள். சுவரின் நிறம் பின்னணியில் அப்படியே இருக்கும், முகத்தை விட்டுவிடும்.

### தாடைக்கு அடியில் பச்சையோ சிவப்போ ஏறியிருந்தால்

பச்சை என்றால் புல்தரையும் வயலும் காரணம். உட்கார வைத்து எடுக்கும்போது இன்னும் கூடும். காலடியில் சட்டத்துக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் பாதி குறையும், வரப்பிலோ மண்பாதையிலோ நிறுத்தினால் முழுவதும் போகும்.

சிவப்பு என்றால் இரண்டு காரணம். செட்டிநாட்டு வீட்டில் சிவப்பு ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையில் வெயில் விழுந்து மேலே எழும்பினால் கழுத்தும் தாடையும் சிவக்கும். வெயில் விழும் இடத்தில் ஒரு கோரைப்பாயை விரியுங்கள், அது அந்த வீட்டுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். இன்னொரு காரணம் பெண்ணின் பட்டுச்சேலை. அரக்குப் பட்டு, குங்குமச் சிவப்பு எல்லாம் வெயிலை வாங்கித் தாடையில் கொடுக்கும். சேலையில் நேர் வெயில் விழாதபடி திருப்பினால் நின்றுவிடும்.

### சேலை மட்டும் ஒரே சிவப்புக் குழம்பாக, ஜரிகை தெரியாமல் இருந்தால்

மொத்த வெளிச்சம் சரியாக இருந்தும் சிவப்பு மட்டும் அளவு மீறியிருக்கிறது. சாதாரண ஹிஸ்டோகிராமில் இது பிடிபடாது, மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். முக்கால் படி குறைத்து எடுத்து, முகத்தின் வெளிச்சத்தை மட்டும் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பட்டு எடுத்த வீட்டில் அந்த ஜரிகை தெரியாவிட்டால் படத்தை எடுத்ததற்கே பொருள் இல்லை.

### இருவரின் நிறமும் வெவ்வேறாக இருந்து ஒருவர் மட்டும் கருத்துப்போனால்

கருத்த நிறமுள்ளவரை வெளிச்சத்துக்கு ஒரு எட்டு நெருக்கமாக நிறுத்துங்கள். ஜன்னல் ஓரம் என்றால் இந்த ஒரு எட்டு பெரிய வித்தியாசம் செய்யும். எக்ஸ்போஷரைக் கருத்த முகத்துக்கு வைத்து, வெளிர்ந்த முகத்தின் நெற்றி வெளுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

“தம்பி, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள்” என்று பெண்ணின் அம்மாவோ அத்தையோ கேட்பார்கள். நான் செய்வதில்லை. பெரும்பாலும் அவர்கள் பார்த்த படத்தில் முகம் இருண்டிருக்கும். அந்தக் குறையைச் சொல்லத் தெரியாமல் நிறத்தைச் சொல்கிறார்கள். வெளிச்சத்தைச் சரியாக விழச் செய்து, மாநிறத்தை மாநிறமாகவே தெளிவாக எடுத்துக் காட்டினால் கோரிக்கை அத்துடன் நின்றுவிடும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை சம்மதித்திருக்கிறார். அதை மாற்றும் உரிமை நமக்குக் கிடையாது.

தொழில்முறையாளரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஜேபெக்கில் மட்டும் எடுத்து, முகத்தில் இரண்டு நிறங்கள் கலந்துவிட்டால், நிறத்திருத்தத்தில் தேர்ந்தவரிடம் நல்ல பத்துப் படங்களை மட்டும் கொடுங்கள். ஆல்பம் அச்சாகும் முன் ஒரு படத்தை மட்டும் சோதனையாக அச்சிட்டுக் கேளுங்கள். செல்போன் திரையில் பார்த்த சிவப்பு தாளில் அப்படியே வருவதில்லை.

## முகம் மங்கலாக இருக்கிறது

மங்கலில் நான்கு வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

### எல்லாமே ஒரே பக்கம் இழுபட்டதுபோல் இருந்தால்

உங்கள் கை ஆடியிருக்கிறது. 85 மி.மீ. லென்ஸுக்கு 1/125க்குக் குறைவாக ஷட்டர் வேகத்தை (படம் பதியும் நேரம், நொடியில்) விடாதீர்கள், 200 மி.மீ. என்றால் 1/250. அதற்கு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) கூட்ட வேண்டியிருந்தால் தயங்காமல் கூட்டுங்கள். சிறு மணற்பரப்புப் போன்ற புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆடிய முகத்தைப் பொறுக்க முடியாது.

### பின்னணி தெளிவாக இருந்து ஜோடி மட்டும் கலங்கியிருந்தால்

அவர்கள் அசைந்திருக்கிறார்கள். நடக்கச் சொல்லி எடுத்தால் 1/500, சேலை முந்தானை பறக்க வேண்டுமென்றால் 1/1000. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியில் படமெடுக்கிறவர்கள் கவனிக்க: ஆடிக்காற்றில் முந்தானையும் முடியும் முகத்திலேயே வந்து விழும். காற்று முகத்தில் அடிக்கும்படி நிறுத்தினால் முடி பின்னால் போகும். பக்கக் காற்றில் நிறுத்தினால் படத்துக்குப் படம் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

### ஒருவர் தெளிவு, மற்றவர் மங்கல்

அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது. 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து இரண்டு மீட்டர் தொலைவில் எடுத்தால், முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளையின் கண் தெளிவாக இருந்தால், தோளுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் கண் இருக்காது. எஃப்/4க்கு மாற்றி, ஒரு மீட்டர் பின்னால் போங்கள். ஆழம் முப்பது சென்டிமீட்டரைத் தொடும், பின்னணியும் போதுமான அளவு கரைந்தே இருக்கும். அல்லது இருவரின் நெற்றியும் ஒட்டும்படி நிறுத்துங்கள், இரண்டு முகமும் ஒரே தளத்துக்கு வந்துவிடும்.

செல்போனில் பின்னணியை மங்கலாக்கும் வசதி இதே தவறை வேறு விதமாகச் செய்யும். மல்லிகைச் சரத்தின் ஓரமும் பறக்கும் முடியும் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு, பின்னணி தூரமாக இருக்கும் இடத்தில், நான்கு எட்டுப் பின்னால் போய் இரு மடங்கு ஜூமில் எடுங்கள்.

### கண்ணில் வைத்த ஃபோகஸ் எப்போதும் காதில் விழுகிறதென்றால்

ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, கேமராவை முக்காலியில் பூட்டி, நடுவரியில் ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுங்கள். பத்திலும் ஒரே பக்கம் தள்ளி விழுந்தால் லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகவில்லை. கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில்தான் இது அதிகம். சில மாதிரிகளில் நுண்திருத்தம் செய்யும் பட்டியல் உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துச் சேவை மையத்தில் கொடுங்கள். லென்ஸை மட்டும் கொடுத்தால் பயனில்லை.

## படம் முழுவதும் வெண்படலம் படர்ந்ததுபோல் இருக்கிறது

குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ இறங்கியவுடன் எடுத்தீர்களா? லென்ஸ் வியர்த்திருக்கும். துடைத்தால் மறுபடி வியர்க்கும். கேமராப் பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு திறங்கள். கழற்றக்கூடிய லென்ஸை அந்த நேரத்தில் கழற்றவே கூடாது, ஈரம் உள்ளே போகும். முதல்நாள் இரவே கேமராவைக் குளிரூட்டாத அறையில் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

அடுத்து, லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் மலிவு ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். எதிர்வெயிலில் பல நேரம் அதுதான் குற்றவாளி. ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு) மாட்டுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்கு மேலே கையை நீட்டி மறையுங்கள். கடற்கரையில் கண்ணுக்குத் தெரியாத உப்புச்சாரல் கண்ணாடியில் படியும். முதலில் ஊதுபந்தால் (அழுத்தினால் காற்று ஊதும் ரப்பர் பந்து) மணலைப் போக்கி, பிறகே அதற்கான துணியால் துடையுங்கள். வேட்டி முனையாலோ முந்தானையாலோ துடைத்தால் மணல் துகள் கீறிவிடும், அந்தக் கீறல் போகாது.

எல்லாம் செய்தும் படலம் நின்றால், லென்ஸின் பின்புறமிருந்து செல்போன் விளக்கை அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல்போல் இழை தெரிந்தால் பூஞ்சை. வீட்டில் திறக்க முயலாதீர்கள்.

## வீட்டுக்குள் எடுத்த படத்தில் குறுக்கே பட்டைகள்

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறையில் எல்இடி விளக்கு எரிகிறது. அணையுங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. பெரியவர்கள் “இருட்டாக இருக்கிறதே” என்று மறுபடி போட்டுவிடுவார்கள். காரணத்தை ஒருமுறை பணிவாகச் சொல்லிவிடுங்கள். அணைக்க முடியாத மண்டபமென்றால் மின்னணு ஷட்டரை விட்டு இயந்திர ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50இல் வையுங்கள்.

## வெளிச்சம் சரி, ஆனால் இருவரும் விறைத்து நிற்கிறார்கள்

இதுவும் வெளிச்சத்தோடு சேர்ந்த கோளாறுதான். நாற்பது நிமிட நல்ல வெளிச்சத்தில் முப்பது நிமிடத்தை ‘இப்படி நில்லுங்கள், அப்படிப் பாருங்கள்’ என்று சொல்லியே தீர்த்துவிட்டால் முகம் இறுகாமல் என்ன செய்யும்? பெரியோர் பார்த்து முடிவுசெய்த திருமணத்தில், இருவரும் தனியாகப் பேசிக்கொள்வதே அன்றைக்குத்தான் நான்காவது முறையாக இருக்கலாம்.

முதலில், உடன் வந்த சித்தப்பா, அண்ணன், தோழிகளைச் சட்டத்துக்கு வெளியே, ஜோடியின் கண்ணில் படாத தூரத்தில் உட்கார வையுங்கள். அடுத்து, நல்ல வெளிச்சம் வருவதற்கு அரை மணி முன்பே வந்து, கேமராவை எடுக்காமல் இருவரையும் நடக்க விடுங்கள். கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒருவரின் செருப்பு வாரை மற்றவர் சரிசெய்வது, ஒரே சுண்டல் பொட்டலத்தில் இருவரும் கைவிடுவது போதும். ஒருவருக்கு உண்மையிலேயே சங்கடம் என்றால் நிறுத்திவிட்டு வேறொரு நாள் கேளுங்கள்.

## மாலையில் வெளிச்சம் திடீரென்று தீர்ந்துவிடுகிறது, படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது

நம் ஊரில் சூரியன் சாய்வாக இறங்காமல் நேராக இறங்கிவிடும். பொன்வெளிச்சம் என்று சொல்லக்கூடியது நாற்பது நிமிடம்தான். வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்த ஒன்றரை மணி நேரக் கணக்கை இங்கே வைக்காதீர்கள்.

சென்னையில் சூரியன் மறைவது நவம்பர் நடுவில் ஏறக்குறைய 5:40க்கு, ஜூலைத் தொடக்கத்தில் 6:40க்கு. ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. ஐந்தரைக்கு வருகிறோம் என்று ஜோடி சொன்னால் மாதத்தைப் பார்த்துத் தலையசையுங்கள். அழகு நிலையத்திலிருந்து கிளம்பத் தாமதமாவது எப்போதும் நடப்பது, ஒரு மணி நேரம் முன்பாகவே நேரம் சொல்லுங்கள். தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் எடுக்கிறவர்களுக்குக் காலை வேளை நல்லது. அந்தக் குளிரில் வியர்வை இல்லை, வெளிச்சமும் மென்மை. சென்னையில் ஜனவரிக் கடைசியில் சூரியன் எழுவதே 6:35க்குத்தான்.

கடலில் சூரியன் மறைவதைப் பின்னணியாகக் கேட்டால், சென்னையிலும் புதுச்சேரியிலும் அது நடக்காது என்று முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு மேற்குக் கரைக்குப் போக வேண்டும். கிழக்குக் கரையில் கிடைப்பது வேறொன்று: மேகமில்லாத மாலையில், சூரியன் ஊர்ப் பக்கம் மறைந்ததும் கடலுக்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று சில நிமிடம் எழும். முகத்தில் மேற்கு வானத்தின் மென்வெளிச்சம் இருக்கும். ஐஎஸ்ஓ 1600, எஃப்/2.8, 1/200 பக்கம் தொடங்குங்கள். இருவரையும் நெற்றியோடு நெற்றி ஒட்டி நிறுத்துங்கள்.

புள்ளிகள் இன்னும் தொந்தரவு செய்தால், படத்தை இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்குகிறீர்களா என்று பாருங்கள். ஐஎஸ்ஓவைக் கூட்டிச் சரியான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளி குறைவாகவே இருக்கும். அதற்கும் பிறகுதான் எஃப்/1.8 கொண்ட 50 மி.மீ. லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். அதையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

## வானத்தில் எப்போதும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி

எஃப்/16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம், லென்ஸை மாற்றி இன்னொரு படம் எடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) தூசி. கேமராவிலுள்ள தானியங்கிச் சுத்தம் முதலில், ஊதுபந்து அடுத்து. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி ஒட்டிக்கொள்ளும். ஊதியும் போகாவிட்டால் ஈரக்குச்சி வைத்து நீங்களே துடைக்க முயலாமல் சேவை மையத்துக்கு எடுத்துப் போங்கள்.

சேவைக்குக் கொடுக்கும்போது திரும்பக் கிடைக்கும் தேதியை ரசீதில் எழுதி வாங்குங்கள். பூஞ்சை, ஃபோகஸ் திருத்தம் இரண்டுக்கும் உதிரிப்பாகம் வரவேண்டி இழுக்கலாம். முகூர்த்தத்துக்கு மூன்று வாரத்துக்குள் இருந்தால் பழுதைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த ஒரு படப்பிடிப்புக்கு வாடகைக் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் கடை வாசலிலேயே வானத்தை நோக்கி அதே எஃப்/16 சோதனையைச் செய்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.